மேசை இருந்த இடம்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாங்க. இந்த வாரம் நடுவில் எழுந்து போக விட மாட்டேன். தான் சொன்ன ஒரு பதிலை ஒருத்தி மறுபடி தன் காதாலேயே கேட்க நேர்ந்த கதையைச் சொல்லப் போகிறேன்.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கும். கல்லூரி நூலகத்தில், வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம், இருபத்தாறு வருஷமாக ஒரு பெரிய மேசை. அதன் பின்னால் நம் மேசை மேடம். என்ன புத்தகம், எங்கே கிடைக்கும், எதில் தேடுவது என்று பிள்ளைகள் வந்து கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த மேசையை நாலு பேர் வந்து குறுக்காகச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே உட்காருகிற நீள இருக்கை வந்துவிட்டது. மேடத்தை மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே ஃபோனில் கேள்வி எழுதுவார்கள். இவள் கணினியில் பதில் தட்ட வேண்டும்.

வீட்டில் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. கணவர் வருத்தப்படுவார், மகள் இரக்கப்படுவாள். இரக்கம் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. அதனால் தினமும் அதே நேரத்துக்கு, அதே பையை மாட்டிக்கொண்டு, அந்த மேசைக்கே போகிற மாதிரிப் போய் வந்தாள்.

பதினாறு நாள் அப்படி ஓடிவிட்டது. இது பதினேழாவது நாள்.

காலையில் அவள் கிளம்பும்போது கணவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கையில் சுத்தியல், எதிரே ஒரு மரக்கட்டை, கட்டையின்மேல் அவருடைய இடுப்பு பெல்ட். ஆணியை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன, பெல்ட்டுக்குக் காது குத்துறீங்களா?"

"ரெண்டாவது ஓட்டை மேடம். போன வாரம் போட்ட ஓட்டை பத்தல." வீட்டிலும் அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார், கேலியாக.

"இளைச்சுட்டீங்க."

"பின்ன? லிஃப்ட் கெட்டுப் போச்சுன்னா மெக்கானிக் எதுல மேல போவான்? உலகத்துலயே அதிகமா படி ஏறுறவன் லிஃப்ட்காரன்தான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பெல்ட்டையும் மறந்தாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அவர்கள் கேட்கும் முன்னே கண்டுபிடித்துவிடுகிறவள்தான். ஆனால் பதினாறு நாளாகத் தன் முகத்தை மூடி வைக்கிற வேலையே அவளுக்குச் சரியாக இருந்தது. எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்க எங்கே நேரம்?

உள்ளறையில் மகள் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டடக்கலை படிக்கிறாள், அதே கல்லூரியில், கடைசி வருஷம். அப்பாவைவிட நாலு விரற்கடை உயரம். பேர் மட்டும் இன்னும் பொடிசு. பலகையில் ஒரு கோடு கூட விழவில்லை. ஃபோனில் எதையோ ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"பொடிசு, வரட்டுமா?"

"ம்."

"நிமிர்ந்துதான் சொல்லேன். எந்நேரமும் அந்த ஃபோனுக்குள்ளயே குடித்தனம்."

"விடு மேடம்," என்றார் கணவர் அங்கிருந்தே, "நம்ம வீட்டைவிட அது காத்தோட்டமா இருக்குபோல."

கிளம்பினவளை வாசல் வரைக்கும் வந்து நிறுத்தி, கையில் குடையைத் திணித்தார்.

"வெயில் இந்தப் போடு போடுது, குடை எதுக்கு?"

"சாயங்காலம் கண்டிப்பா மழை. உன் மேசை இருக்கற இடத்துல ஜன்னலே கிடையாது. ஊரே நனைஞ்சாலும் உனக்குத் தெரியாது."

இப்போது அவள் உட்காருகிற அறையில் இரண்டு ஜன்னல் இருக்கிறது. அதைச் சொல்ல முடியுமா? குடையை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாடி அறையில் அவளோடு இன்னொரு பெண்ணும் வேலை பார்த்தாள். அவளைவிடப் பாதி வயசு. தலை நிறையச் சுருள் முடி, அதனால் சுருட்டை. மேடத்தை அவள் அக்கா என்பாள்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சுருட்டைக்கு இன்னும் சிரிப்பு ஓயவில்லை. வந்த கேள்விக்கு மேடம், 'வணக்கம். தங்கள் கேள்விக்கு நன்றி. தாங்கள் கேட்ட பொருள் குறித்து' என்று தட்டிக்கொண்டே போக, முடிப்பதற்குள் கேட்டவன் கிளம்பிப் போய்விட்டான். அடுத்து ஒருத்தி. அவளும் போனாள்.

"அக்கா, நீங்க கடிதாசி எழுதுறீங்க. அவங்க பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால கேக்குறாங்க."

பதில் தொண்ணூறு வினாடிக்குள் போக வேண்டும். திரையின் மூலையில் எண் ஓடும். தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பாகிவிடும். முதலில் கட்டுரை இருக்கும் இடம், அப்புறம் ஒரே வரி விளக்கம். பேர் கேட்கக் கூடாது. எதற்கு என்று கேட்கவே கூடாது. திருப்பிக் கேள்வி கேட்டால் பத்தில் ஏழு பேர் ஓடிவிடுகிறார்கள் என்று தலைமை நூலகர் கணக்கே வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

மேடத்துக்குத்தான் அது தொண்டையில் நின்றது. மேசையில் இருந்தவரைக்கும் அவள் யாருக்கும் உடனே பதில் சொன்னதில்லை. "இதுவரைக்கும் எங்கெல்லாம் தேடினீங்க?" என்று முதலில் ஒரு கேள்வி. அதற்கு அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் முகத்தைப் பார்த்துவிடுவாள். ஊர் வரைபடம் கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு உண்மையில் வேண்டியிருந்தது, சின்ன வயசில் விட்டுப்போன அப்பா இருக்கிற தெரு. தூக்க மாத்திரையைப் பற்றி 'ப்ராஜெக்ட்டுக்கு' என்று கேட்ட ஒருத்தனை எதிரே உட்கார வைத்து, அவன் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, அண்ணன் வந்து சேரும்வரைக்கும் அவனைப் பழைய செய்தித்தாள்களை அடுக்கச் சொன்னாள். வாய் கேட்கிறது ஒன்று, மனசு கேட்கிறது வேறொன்று என்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் இந்தத் திரையிலும் ஒரு நல்லதை அவள் பார்த்துவிட்டாள். நான்காம் நாள் ஒரு விருந்தினர் எழுதினான். திரையில் எல்லாருக்கும் விருந்தினர் என்றுதான் பேர். 'எனக்குத் திக்கும். மூணு வருஷமா உங்க மேசை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன். இப்பதான் கேக்குறேன்.' அதைப் படித்ததிலிருந்து அவள் அந்தத் திரையைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு கேள்வி வந்தது.

'கணையத்துல புற்றுநோய். ஆபரேஷன் பண்ண முடியாத நிலை. எவ்வளவு காலம்னு சொல்ற கட்டுரை வேணும். புதுசா, நம்பற மாதிரி.'

அந்த வாரம் உயிரியல் பிள்ளைகள் இதே மாதிரி மூன்று கேள்வி கேட்டிருந்தார்கள். இது நாலாவது என்று நினைத்தாள். விரல் பழகிவிட்டிருந்தது. இரண்டு தேடுதளம், ஒரு வடிகட்டல், போன வருஷக் கட்டுரை, நல்ல மருத்துவ இதழ். அனுப்பினாள். மூலையில் எழுபது என்றிருந்தது.

"எழுபதா! அக்கா, என்னையே மிஞ்சிட்டீங்க," என்றாள் சுருட்டை.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி எழுத்து வந்தது.

'இதுல மீடியன் பதினோரு மாசம்னு போட்டிருக்கு. பதினோரு மாசத்துல எல்லாரும் போயிடுவாங்களா?'

மேடத்தின் கை நின்றது. பாடத்துக்காகக் கேட்கிற பிள்ளை இப்படிக் கேட்குமா? யாருக்காகக் கேட்கறீங்க என்று தட்டினாள். தட்டியதைத் தானே அழித்தாள். விதி. அதற்குள் கீழே வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். கேட்காமல் விட்டாள். ஆனால் வெறுமனே விடவும் மனசில்லாமல் இப்படி எழுதினாள்:

'இல்லை. நூறு பேரை வரிசையா நிக்க வைங்க. சரியா நடுவுல நிக்கறவரோட கணக்குதான் அந்தப் பதினோரு மாசம். அவருக்குப் பின்னாடி பாதிப் பேர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பாங்க.'

அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. கடைசியில் ஒரே வார்த்தை வந்தது. 'நன்றி.'

போகும்போது அந்த விருந்தினர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். மேடத்துக்கு அதுதான் முதல் ஐந்து நட்சத்திரம். சுருட்டை எழுந்து நின்று கை தட்டினாள்.

ஒரு மணிக்குக் காலை வேலை முடியும். மறுபடி ஐந்திலிருந்து எட்டு. இடையில் நாலு மணி நேரத்தைப் படிப்பறையிலேயே உட்கார்ந்து கழித்துவிடுவாள். வீட்டுக்குப் போனால், ஏன் வந்தாய் என்ற கேள்வி வருமே.

அன்றைக்குப் பார்த்து மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் கழன்று விழுந்தது. திருகாணி எங்கே உருண்டதோ. கண்ணாடி இல்லாமல் சாயங்காலம் திரையைப் பார்க்க முடியாது. பழைய கண்ணாடி வீட்டு அலமாரியில் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போயிருப்பார், பொடிசு வகுப்பில் இருப்பாள், சட்டென்று எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள்.

கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். குடையைச் செருப்பு அலமாரியில் சாய்த்து வைத்து, குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள்.

உள்ளேயிருந்து பொடிசின் குரல்.

"இல்லப்பா, நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. நூறு பேரை வரிசையா நிக்க வைங்க. சரியா நடுவுல நிக்கறவரோட கணக்குதான் அது. அவருக்குப் பின்னாடி பாதிப் பேர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பாங்க."

குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். கழற்றின செருப்பு கையில் இருந்தது.

கணவர் சிரிப்பது கேட்டது. இருமலும் சிரிப்புமாக.

"அப்போ கவலையே இல்ல. பேங்க்ல, ஆஸ்பத்திரியில, எங்க போனாலும் நான் நிக்கற வரிசைதான் நகரவே நகராது. உங்கம்மாவைக் கேளு. நாம பக்கத்து வரிசைக்கு மாறியிருக்கலாம்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கா."

"அப்பா, சிரிக்காதீங்க."

"அழுதா வரிசை முன்னாடி நகரும். அதான் சிரிக்கிறேன்."

ஒரு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்.

"அம்மாகிட்ட சொல்லிடலாம்பா. என்னால முடியல. காலையில முகத்தைக்கூட நிமிர்ந்து பாக்கல நான். பாத்தா கண்டுபிடிச்சிருவா. லைப்ரரி பக்கமே போகாம இருக்கேன். அந்த மேசையைத் தாண்டித்தானே உள்ள போகணும்? இந்த விஷயத்தைக்கூட நேர்ல போய்க் கேக்காம ஃபோன்லதான் கேட்டேன், முகம் தெரியாதுன்னு."

"வெள்ளிக்கிழமை டாக்டர் முழுசா சொல்லட்டும். அப்புறம் நானே சொல்றேன். என் வாயாலதான் அவளுக்குத் தெரியணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்..."

"மூணு நாள்தானே பொடிசு. அவ நிம்மதியா அந்த மேசையில உட்கார்ந்துட்டு வரட்டும். அவளுக்கு அந்த மேசைதான் தெம்பு. இந்த வீட்டுல ஒருத்தராவது காலை ஊனி நிக்கணும் இல்லையா?"

மேடம் செருப்பை மறுபடி காலில் மாட்டினாள். கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். கண்ணாடியை எடுக்கவில்லை. எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

தெருவில் இறங்கி நடந்தாள். பேருந்து நிறுத்தம் ஒன்று வந்தது, தாண்டினாள். இன்னொன்று வந்தது, அதையும் தாண்டினாள். எதிரே வந்த ஒரு அம்மாள், "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்ட பிறகுதான் தன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவருக்கு எத்தனை மாதம் என்று தேடி எடுத்தவள் அவள்தான். எழுபது வினாடியில் எடுத்து, மகள் கையில் கொடுத்தவளும் அவள்தான். அதற்கு மகள் ஐந்து நட்சத்திரம் போட்டாள். ஒருத்தி கை தட்டினாள்.

மேசை இருந்திருந்தால்? பொடிசு வந்து எதிரே நின்றிருந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஆனால் அந்த மேசை இருக்கிறது என்று நினைத்துத்தானே அந்தப் பெண் வராமலே இருந்தாள்? இப்படி யோசித்தால் ஒரு வலி, அப்படி யோசித்தால் இன்னொரு வலி. பெல்ட்டில் இரண்டாவது ஓட்டை போட்டவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவள்தானே நான் என்று நினைத்தபோது, நடந்துகொண்டிருந்த கால் தானாகவே நின்றுவிட்டது.

ஐந்து மணிக்கு அவள் திரை முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியின் கழன்ற காலைப் புத்தக முதுகு ஒட்டுகிற துணி நாடாவால் சுற்றியிருந்தாள். கிழிந்த புத்தகம் எத்தனையோ அந்த நாடாவால் பிழைத்திருக்கிறது.

"அக்கா, வீட்டுக்குப் போய் வேற கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்னீங்களே?"

"கிடைக்கல."

சுருட்டை அவள் முகத்தைப் பார்த்தாள். பேச்சுக்காரிதான். ஆனால் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மேடத்தின் ஃபோன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. வேலை நேரத்தில் அது பைக்குள்தான் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்து, கணவர் சொன்ன மழை பிடித்துக்கொண்டது. அதை அவள் பார்த்தாள். குடையின் ஞாபகம் மட்டும் வரவில்லை.

ஐந்து நாற்பதுக்கு ஒரு விருந்தினர்.

'காலையில நூறு பேர் வரிசை சொன்னது நீங்களா?'

இவளுடைய பதிலுக்கு நேரே 'நூலகர் நான்கு' என்று மட்டும்தான் அந்தப் பக்கம் தெரியும். நாடா சுற்றிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

'ஆமாம்.'

'அதை எங்கப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சார். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு தோணுச்சு.'

என்ன எழுதுவது? 'நான் அம்மா' என்று எழுதினால் ஃபோனை மூடிக்கொண்டு ஓடிவிடுமோ இந்தப் பிள்ளை? அழுவதற்கு ஓர் இடம் தேடி வந்திருக்கிறது. அதையும் பிடுங்கிவிடுவதா? எழுதாமல் இருந்தாலோ, பெற்ற மகளை முகமூடி போட்டுக்கொண்டு ஒட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறதே. கணவர் வேறு, என் வாயால்தான் சொல்வேன் என்றிருக்கிறார்.

அவள் ஒன்றும் எழுதுவதற்கு முன்னால் அடுத்தது வந்தது.

'இன்னொண்ணு கேக்கணும். இது புத்தகக் கேள்வி இல்ல. பரவாயில்லையா?'

'பரவாயில்லை. கேளுங்க.'

எழுதுகிறது. நிற்கிறது. மறுபடி எழுதுகிறது.

'எங்கம்மா இந்த லைப்ரரியிலதான் வேலை பாக்குறாங்க. வாசல்ல நுழைஞ்சதும் இடது பக்கம் பெரிய மேசை. அவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார், ஆனா என்னால சொல்லாம இருக்க முடியல. நான் இப்ப அந்த இடத்துலதான் நிக்கிறேன். மேசையைக் காணோம். அம்மாவையும் காணோம். ஃபோனும் எடுக்கல. எங்கம்மா எங்க இருக்காங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?'

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் எடுத்துக் கொடுத்தவளுக்கு, இதற்கு விரல் எழவில்லை.

மூலையில் எண் ஓடியது. முப்பது. நாற்பத்தைந்து. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. எழுபது.

"அக்கா," என்றாள் சுருட்டை, "எண்பது ஆகுது. ஏதாவது போடுங்க." பதில் வராததால் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். படித்தாள். மறுபடி ஒரு தடவை படித்தாள். கை வாய்க்குப் போயிற்று.

எண் சிவப்பாகிவிட்டது.

"போங்கக்கா," என்றாள் சுருட்டை. "இதை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

மேடம் பையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். லிஃப்ட் வரும்வரைக்கும் நிற்கப் பொறுமையில்லை. படியில் இறங்கினாள். இரண்டாவது மாடி, முதல் மாடி. கடைசித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

மேசை இருந்த இடத்தில், அந்த நீள இருக்கையின் ஓரத்தில் பொடிசு உட்கார்ந்திருந்தாள். மழையில் நனைந்த தலை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஃபோனில் தலை கவிழ்ந்திருக்க, இவளும் அப்படித்தான் இருந்தாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு மாணவி, அவ்வளவுதான். காலையில் 'ஃபோனுக்குள்ளயே குடித்தனம்' என்று சொன்னது மேடத்துக்கு ஞாபகம் வந்தது. அந்தக் குடித்தனத்தில் இந்தப் பெண் தேடியது இவளைத்தான்.

பொடிசின் கையிலிருந்த ஃபோன் ஒளிர்ந்தது. சுருட்டை எழுதிய பதில். ஒரே வரி.

'வந்துக்கிட்டு இருக்காங்க.'

பொடிசு நிமிர்ந்தாள்.

எத்தனை நாளாக மறைத்து வைத்திருந்த முகம் அது! கண்ணுக்குக் கீழே கருவளையம், கடித்துக் கடித்துப் புண்ணான உதடு. மேடம் மிச்சப் படிகளை இறங்கி, அவள் எதிரில் போய் நின்றாள். வாயில் வந்தது பழகிப்போன அந்தக் கேள்விதான். சின்ன வயசில் பென்சிலைத் தொலைத்தாலும், ஒற்றைச் செருப்பைத் தொலைத்தாலும் பொடிசிடமும் அதைத்தான் கேட்பாள்.

"இதுவரைக்கும் எங்கெல்லாம் தேடின?"

பொடிசின் உதடு கோணியது.

"எல்லா இடத்துலயும்மா."

அப்புறம் அந்த நெடிய பெண் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒரு பையன் சத்தம் காட்டாமல் தன் சார்ஜர் வயரைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான். மேடம் அங்கே உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த அதே இடம், இப்போது எதிரில் மேசை இல்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "நூலகர் நாலு... நீயா?"

"ம்."

"காலையிலயும்?"

"ம்."

"அப்போ உனக்கு... நான் சொல்ல வந்தது..."

"தெரியும். மத்தியானம் தெரியும். கண்ணாடி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசுறது கேட்டுது."

பொடிசு அம்மாவின் கண்ணாடியைப் பார்த்தாள். நாடா சுற்றிய காலை ஒரு விரலால் தொட்டாள். "மேசை எப்பம்மா போச்சு?"

"பதினேழு நாளாச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது.

"நான் உன்கிட்ட உடனே யாருக்குன்னு கேட்டிருக்கணும்," என்றாள் மேடம். "எழுதினேன். எழுதிட்டு அழிச்சேன். அந்தக் கணக்கைத் தனியா உட்கார்ந்து படிச்சியே பொடிசு, நான் பாத்து ஒரு..."

"நீ கேட்டிருந்தா நான் ஓடியிருப்பேன்மா. நிஜமா. ஃபோனை மூடிட்டுப் போயிருப்பேன். அந்த நூறு பேர் கதையும் கிடைச்சிருக்காது." பொடிசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, ஒண்ணே ஒண்ணு. உனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தன் வாயால சொல்லணும்னு தினமும் ஒத்திகை பாத்துக்கிட்டிருக்கார். நான் அதைக் கெடுக்கத்தான் ஓடி வந்தேன். இப்ப தோணுது, அதை அவர்கிட்டேயிருந்து பிடுங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருப்பியா?"

மேடம் நாடா சுற்றிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பெல்ட்டைப் பார்க்கும்போது சிரிக்க வேண்டும். சாப்பிடாமல் வைத்த தட்டை எடுக்கும்போது திட்ட வேண்டும். மூன்று நாள். திரைக்குப் பின்னால் முகத்தை மறைப்பது பெரிய காரியமில்லை. அவருக்கு எதிரில், ஒரே கூடத்தில் மறைக்க வேண்டும்.

"இருக்கேன்," என்றாள். "அவருக்காக இருக்கேன்."

மகள் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள் என்று பார்க்கப் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். பொடிசின் அழைப்புகள் ஆறு. அவற்றுக்குமேல் புதிதாக ஒரு செய்தி. கணவரிடமிருந்து. இப்போதுதான் வந்திருந்தது.

'மேடம், மழை கொட்டுது. குடை இங்க செருப்பு அலமாரிகிட்ட இருக்கு. காலையில நான்தானே உன் கையில குடுத்தேன்?'

பொடிசும் எட்டிப் பார்த்துப் படித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மத்தியானம் அவள் வந்து போனதை அந்தக் குடை சொல்லிவிட்டதே. அடுத்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. அந்தப் பக்கம் லிஃப்ட்காரர் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டபாடில்லை. நீங்கள் நனையாமல் பத்திரமாக இருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போன ஒவ்வொருத்தரும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குடையோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஆறு தடவை கூப்பிட வேண்டாம், முதல் தடவையிலேயே குரல் கிடைக்கட்டும். எந்த வரிசையில் நின்றாலும் உங்கள் வீட்டார் எல்லாரும் அந்தப் பின்பாதியிலேயே, கால் வலிக்காமல், சிரித்துப் பேசிக்கொண்டு, ரொம்ப ரொம்ப நாள் நிற்கட்டும்.